மோரிஸ் மைனரில் அடைக்கோழி

கார்க் கொட்டகையின் தகரக் கதவைத் தள்ளியதும் முதலில் கேட்டது கோழிச் சத்தம்தான். கொக்கரிப்பு இல்லை, தொண்டைக்குள்ளேயே நம்மைத் திட்டுவது போல ஒரு முனகல். பழைய எண்ணெய், எலிப் புழுக்கை, வைக்கோல் எல்லாம் கலந்து ஒரு வாடை.

கண் இருட்டுக்குப் பழகச் செத்த நேரம் ஆனது. பிறகு உருண்டையான ஒரு மூக்கு தெரிந்தது. அதற்கு இரண்டு பக்கமும் தவளைக் கண் மாதிரி விளக்குகள். மேலே முழுக்கத் தூசி. விரலால் ஒரு கோடு இழுத்தேன். தூசிக்குக் கீழே பாசிப்பயறு நிறம் பளிச்சென்று சிரித்தது.

பின் சீட்டில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சிவப்புப் பெட்டைக் கோழி ஒன்று அகலமாக உட்கார்ந்திருந்தது. கார் தன்னுடையதுதான் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

"தொட்டிராதிய, கொத்திப்புடும்," என்றது பின்னால் ஒரு பெண் குரல். "பதினோரு முட்டை வச்சிருக்கேன். ஒம்பது நாளாச்சு. குஞ்சு பொரிக்கிற மட்டும் வண்டிய யாரும் அசைக்கக் கூடாது. வெலை பேசுறதா இருந்தா பேசுங்க, அது வேற."

என் வீட்டுக்காரர் காதர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. குனிந்து முன் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று மணவறையில் என்னைப் பார்த்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட இந்த முகத்தில் வெளிச்சம் கூடுதல்.

பொருள் பார்த்துவிட்டு வந்தவர்

எண்பதுகளின் பிற்பகுதி. இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணி யூனிட் அப்போதுதான் காலூன்றியிருந்தது. போன வாரம் அந்தத் தறிகளைப் பற்றித்தான் எழுதினேன். படித்துவிட்டு என் மகள் போனில், "எல்லாம் சரிம்மா, கார் எப்ப வரும்?" என்று கேட்டாள். இதோ வருகிறது. ஆனால் இது மெதுவாக வரும் கார்.

நெசவை அவர் பார்த்துக்கொண்டார். துணியை வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடும் பகுதி என் பொறுப்பு. பன்னிரண்டு பெண்கள், ஒரே நீளக் கூடம். மாலையில் வெளியே வரும்போது எல்லார் தலையிலும் பஞ்சு பூத்திருக்கும்.

ஒருநாள் வரி ஆபீஸ் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் கூடத்துக்கே வந்தார். கையில் பால்கோவாப் பொட்டலம். பால்கோவா வாங்கி வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏட்டி, ஒரு பொருள் பாத்துட்டு வாரேன்."

"தறியா?"

"இல்ல. மோரிஸ் மைனர்."

சுருட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களும் கையை நிறுத்தினார்கள்.

அவருக்குக் கார்மேல் இருந்த பைத்தியம் ஊரறிந்தது. ரோட்டில் போகும் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று சொல்வார். ஆனால் எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "பொறவு பாப்போம்" என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஸ்கூட்டரே வேண்டாம் என்றவர் கார் வேண்டும் என்றது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பால்கோவா வாயில் இருந்ததால் உறைக்கவில்லை.

சாவி இங்கே, புத்தகம் அங்கே

வண்டி ஒரு பஞ்சுத் தரகருடையது. அவர் காலமாகி ஏழெட்டு வருஷம். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வரதன், உரக்கடை வைத்திருந்தார். இளையவர் ரங்கன், பாத்திரக்கடை. ஒட்டினாற்போல இரண்டு வீடு, பின்னால் பொதுக் கொல்லை, கொல்லையில் ஒரே கொட்டகை, கொட்டகைக்குள் கார். கோழிக்காரியான செண்பகம், இளையவரின் மனைவி.

அப்பா இறந்த பதினாறாம் நாள் விசேஷத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. சம்பந்தி வீட்டாரை அழைத்துவர யார் காரை எடுப்பது என்று தொடங்கியதாம். மூத்தவரைக் கேட்டால் தம்பி பேசிய ஒரு வார்த்தையைச் சொல்வார். இளையவரைக் கேட்டால் அண்ணன் பேசிய ஒரு வார்த்தையைச் சொல்வார். இரண்டும் ஒரே வார்த்தைதான்.

அன்றைக்குக் கார்ச் சாவி அண்ணன் பையில் இருந்தது. ஆர்.சி. புத்தகம் தம்பி பீரோவில் இருந்தது. அப்படியே இருந்துவிட்டன. அன்றிலிருந்து பேச்சு இல்லை. கார் அசையவில்லை.

கொட்டகையில் வண்டியைப் பார்த்த கையோடு முதலில் உரக்கடைக்குப் போனோம். வரதன் மரியாதையாகக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"தாராளமா எடுத்துக்கிடுங்க பாய். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா தம்பி என்கிட்ட நேர்ல வந்து கேக்கணும். சாவியக் குடுக்கேன்."

அங்கிருந்து பாத்திரக்கடைக்கு. ரங்கனும் கலர் வாங்கிக் கொடுத்தார்.

"வண்டி சும்மா கெடந்து துருப்பிடிக்கிறதுக்கு ஒங்கள மாதிரி ஆள்கிட்டப் போனா எனக்குச் சந்தோசம்தான். அண்ணன் எங்கடை வாசல்ல வந்து நின்னு, 'ஏலே, புத்தகத்தக் கொடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிசம் கையெழுத்து."

நான்கு நாள் கழித்து மறுபடி போனோம். மறுபடி இரண்டு கலர். என் வீட்டுக்காரர் முகம் வாடிப்போனது. திரும்பி வரும் பஸ்ஸில், "விட்டுருவோம் ஏட்டி, நமக்குக் குடுத்து வைக்கல," என்றார். சொன்ன மாதிரியிலேயே தெரிந்தது, விட முடியாது என்று.

கிணற்றடியில் ஒரு சதி

மூன்றாவது முறை நான் கடைகளுக்குப் போகவில்லை. அவரை அங்கே அனுப்பிவிட்டு, கோழியைப் பார்க்கிற சாக்கில் கொல்லைப் பக்கம் போனேன்.

கொல்லையில் பார்த்த காட்சி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. கிணற்றுத் துவைகல்லில் செண்பகம் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று அவருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவர், மூத்தவர் மனைவி கோமதி! எட்டு வருஷப் பகை வீடுகள்.

என்னைப் பார்த்ததும் இருவரும் பதறவில்லை. கோமதிதான் சிரித்தார்.

"வாங்க பாயம்மா. அவிய ரெண்டு பேருக்கும்தான் பேச்சு இல்ல. எங்களுக்கு என்ன? அவிய கடைக்குப் போனதும் இங்கன வந்துருவோம். கோழிக்குத் தவிடு என் வீட்டுல இருந்துதான்."

"இம்புட்டு நாளா அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தெரியட்டும். கேக்கணும்னா ஒருத்தரோட ஒருத்தர் பேசணும்லா?" என்றார் செண்பகம்.

நானும் துவைகல்லில் உட்கார்ந்தேன். வறுத்த நிலக்கடலை வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ராத்திரிச் சோற்றைக்கூட ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

கோமதி கடலைத் தோலை ஊதிவிட்டு யோசித்தார். "இவிய குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவன் எறங்கி வந்துட்டான்னு தெரிஞ்சா, தான் அவனவிடப் பெரிய மனுசன்னு காட்டியாகணும்."

செண்பகத்துக்கு அது போதுமாக இருந்தது. "அப்ப நீங்க இன்னைக்கு மத்தியானம் சொல்லுங்க மதினி. நானும் சொல்லுதேன்."

மத்தியானம் சாப்பாடு போடும்போது கோமதி தன் கணவரிடம், "தம்பி கையெழுத்துப் போடுதேன்னு பாய்கிட்டச் சொல்லிட்டாராம். அண்ணனுக்குத்தான் மனசு வராதுன்னு வருத்தப்பட்டாராம்," என்றார். அதே நேரத்தில் அடுத்த வீட்டில் செண்பகம், "ஒங்க அண்ணன் சாவிய எடுத்து வச்சுட்டாராம். தம்பி சின்னப்பிள்ள, அவனுக்கு எங்க பெருந்தன்மை வரப்போவுதுன்னாராம்," என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் இருவரும் தனித்தனியாகச் சம்மதம் சொல்லி எங்களுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். "நான் என்ன அற்பனா?" என்று இருவருமே கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

பொய்தான். எனக்கு உறுத்தல் இருந்தது. ஆனால் அந்தப் பொய்யில் என் பங்கு கடலை தின்றது மட்டும்தான் என்று இன்றுவரை சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை

பதினோரு முட்டையில் ஒன்பது பொரித்தது. கோழி தன் குடும்பத்தோடு காரை விட்டு இறங்கிய மறுநாள் காலை நாங்கள் போனோம். எங்களோடு மெக்கானிக் செல்லத்துரையும் வந்திருந்தார். நாலு டயரும் தரையோடு அமுங்கிக் கிடந்தன. டியூப்களை மாற்றிக் காற்றடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

சகோதரர்கள் வந்தார்கள். கொட்டகைக் கதவின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சாவி என் வீட்டுக்காரரின் வலது கையில் வந்தது, புத்தகம் இடது கையில் வந்தது. கையெழுத்துக்கு ஒரே பேனாவைக்கூடத் தொடவில்லை. ஆளுக்கு ஒரு பேனா.

எஞ்சின் கிளம்பும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அது கிளம்பவும் இல்லை. தள்ளித்தான் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். செல்லத்துரை ஜன்னல் பக்கம் தோள் கொடுத்தார். பின்னால் தள்ள ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் வலது மட்கார்டிலும் தம்பி இடது மட்கார்டிலும் கையை வைத்தார்கள்.

தள்ளினார்கள். வண்டி ஒரு இஞ்சுகூட நகரவில்லை. இன்னொரு முறை தள்ளினார்கள். வேட்டியில் துரு ஒட்டியதுதான் மிச்சம். வரதனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"ஏலே, சேந்து தள்ளுலே!" என்று கத்தினார்.

கிணற்றடியில் நின்ற கோமதி செண்பகத்தின் கையைப் பிடித்தார்.

"சேந்துதான் தள்ளுதேன்!" என்று தம்பி திருப்பிக் கத்தினார். "மொதல்ல அவர நியூட்ரல்ல போடச் சொல்லு!"

உண்மைதான். வண்டி முதல் கியரில் கிடந்தது. எட்டு வருஷமாக.

இதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. தெருவுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, உரக்கடை ஸ்டூலில் ரங்கன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாங்கும் பேப்பர். அது போதாதா?

ஆடுகள்

தெரிந்த ஒருவர் டிராக்டர் கொண்டுவந்தார். அதன் பின்னால் கயிறு கட்டி இராஜபாளையம் வரை இழுத்துப்போக ஏற்பாடு. செல்லத்துரை டிராக்டரில் ஏறிக்கொண்டார். "கால் பிரேக்கு பிடிக்காது பாய். கைப்பிரேக்க மட்டும் நம்புங்க," என்று எச்சரித்தார். கைப்பிரேக் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் இருந்தது.

நான் இடது பக்கம் ஏறினேன். ஊரைத் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வந்தது. மேகம் பாதி மலையை மூடியிருந்தது. உடைந்த ஜன்னல் வழியாக நெல்வயல் காற்று. அவர் எஞ்சின் ஓடாத வண்டியை, ஏதோ விமானம் ஓட்டுகிறவர் போல நெஞ்சை நிமிர்த்தி ஓட்டினார். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கியது. வரப்போரம் வந்த ஒரு சைக்கிள்காரர் எகிறிக் குதித்துத் திட்டினார். என் வீட்டுக்காரர் காதில் அது விழவில்லையோ என்று நினைத்தேன். அடுத்தது ஒரு ஆட்டு மந்தை. இடது பக்கம், பக்கத்திலேயே, இருபது ஆடு இருக்கும். அவர் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறார்.

"மச்சான், ஆடு!"

"எங்க?"

"இந்தா, இங்க! ஆடு! ஆடு!"

"எங்கட்டி?"

நான் இரண்டு கையாலும் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி கிறீச்சிட்டு நின்றது. கயிறு பட்டென்று அறுந்தது. ஒரு ஆடு பானெட்டுக்கு முன்னால் நின்று எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு நடந்தது. டிராக்டர் எங்களை விட்டுவிட்டதே தெரியாமல், அறுந்த கயிற்றை வால் மாதிரி இழுத்துக்கொண்டு போயே போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்தப் பக்கம் தெரியாது," என்றார்.

"எந்தப் பக்கம்?"

"இடது கண்ணு. பதினேழு வயசுல தறியில குறுக்க ஓடுற நாடாக்கட்டை பறந்து வந்து அடிச்சது. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பார்வை கெடையாது."

ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எங்கே போனாலும், "இந்தப் பக்கம் வாட்டி" என்று என்னை வலது கைப் பக்கமே நடக்கச் சொல்வார். அதைப் பிரியம் என்று நினைத்து எத்தனை பெண்களிடம் பெருமை அடித்திருக்கிறேன்! காரில்தான் முதல் முறையாக அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏன் சொல்லல?"

"பொண்ணு பாக்கும்போது சொன்னா ஒங்க அத்தா குடுத்திருக்க மாட்டாரு. பொறவு சொல்ல வெக்கமாப் போச்சு. மெதுவா ஓட்டுனா சமாளிச்சுக்கிடலாம்னு நெனைச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. கண்ணுக்காக இல்லை, சொல்லாததற்காக. அழுகையும் வந்தது. அதற்குள் அந்த ஆட்டுக்காரர் வந்து ஜன்னலில் தலையை நீட்டி, "வண்டி ரிப்பேரா? தள்ளி விடட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். இருபது ஆட்டைக் கொல்லப் பார்த்தவர்களிடம்! எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. டிராக்டர் திரும்பி வருவதற்குள் என் கோபத்தில் பாதி போயிருந்தது.

கட்டுப் போட்ட கார்

மீதிப் பாதி கொஞ்ச நாள் இருந்தது. வண்டியை யூனிட் முற்றத்தில் வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். தூசி படாமல் இருக்கக் கழிவு பேண்டேஜ் துணியை அதன்மேல் சுற்றிப் போர்த்தினார்கள். பார்க்க ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளி மாதிரியே இருந்தது.

அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "வித்துருவோம்," என்றார். "அங்க எட்டு வருஷம் கெடந்தது. இங்கயும் கெடக்கணுமா?"

"கிடக்காது," என்றேன்.

"டிரைவர் வைக்கிற அளவுக்கு நாம..."

"டிரைவர் எதுக்கு? கைப்பிரேக்கப் பிடிச்சது யாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவர் பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தபடியே இருந்தார். "நெசமாவா?" என்றார். அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கள் தெருவில் அப்போது எந்தப் பெண்ணும் கார் ஓட்டியதில்லை. ஒரு சைக்கிள்கூட ஓட்டியதில்லை. யார் என்ன சொல்வார்களோ என்று நான் பயந்ததில் பாதிகூட யாரும் சொல்லவில்லை. என் அத்தாவுக்கு மட்டும் விஷயம் எட்டி, கடுதாசி போட்டார். நான்கு பக்கம் கண்டித்துவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில், "வளைவில் ஹாரன் அடிக்கவும்" என்று எழுதியிருந்தார்.

தண்ணீர் இல்லாத கண்மாய்

செல்லத்துரைக்கு எஞ்சினை உயிர்ப்பிக்க இரண்டு மாதம் பிடித்தது. சாவியைத் திருப்பினால் எங்கோ உள்ளே பெட்ரோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று பல்லியைப் போல அடிக்கும். முதல் முறை எஞ்சின் பிடித்தபோது புகைக்குழாயிலிருந்து வைக்கோலும் இரண்டு இறகும் பறந்து வந்தன. பேண்டேஜ் கூடத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கைதட்டினார்கள்.

அந்தக் கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தது. அதுதான் என் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை செல்லத்துரை பக்கத்தில் உட்காருவார். கரையில் என் வீட்டுக்காரர் நின்று, "கிளச்சு! கிளச்சு!" என்று கத்துவார். நான் எஞ்சினை அணையவிட்ட எண்ணிக்கைக்கு அளவே இல்லை. ஒருமுறை நாணல் புதருக்குள் விட்டு, கொக்குகளையெல்லாம் கிளப்பிவிட்டேன். லைசென்ஸ் சோதனைக்கு நின்ற வரிசையில் நான் ஒருத்திதான் பெண். அதிகாரி முதலில் என்னைத் துணைக்கு வந்தவள் என்று நினைத்து, நிழலில் போய் உட்காரச் சொன்னார். எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம், அவரை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் போனேன். அவர் இடது சீட்டில். மடியில் எலுமிச்சை சாதத் தூக்கு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலை கழுவிவிட்டது போல அவ்வளவு பக்கத்தில் நின்றது.

எனக்கு மலையைப் பார்க்க நேரமில்லை. எதிரே மூங்கில் லோடு ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன். லாரி போனதும்தான் கவனித்தேன். அவர் சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், லாரி வந்துச்சு. நீங்க ரோட்டப் பாக்காம இங்க பாக்கிய?"

"வண்டி ஓட்டும்போது நாக்க வெளிய நீட்டுத ஏட்டி. சின்னப்பிள்ள கணக்குப் போடுற மாதிரி."

"அதுக்காக? ரோட்ட யாரு பாக்குறது?"

"அதான் நீ இருக்கேல்லா," என்று தூக்கைத் திறந்து, ஓட்டிக்கொண்டிருந்த என் வாயில் ஒரு கவளம் சோற்றை வைத்தார்.